நிகழ்வியலுக்குள் இறையியல் நுழைந்துவிட்டதா?

கேள்வி:
பொருள்கள் நம் அனுபவத்தில் தோன்றும் விதத்தை விவரிக்கும் தத்துவ முறையே நிகழ்வியல். கடவுளின் இருப்பு பற்றிய தீர்ப்பையும் அதன் ஆய்வுக்கு வெளியே நிறுத்திவைக்க வேண்டும் என்று 1913இல் அதன் நிறுவனர் ஹுஸர்ல் வரையறுத்தார். ஆனால் பிரான்சில் லெவினாஸ், மிஷேல் ஆன்றி, ழான்-லுக் மரியோன் போன்ற தத்துவவாதிகளின் எழுத்துகளில் கொடை, அழைப்பு, வெளிப்பாடு (கடவுள் தம்மை வெளிப்படுத்துதல்) ஆகியவையே மையப் பொருள்களாயின. 1991இல் பிரெஞ்சுத் தத்துவவாதி டொமினிக் ழானிக்கோ இதனை 'இறையியல் திருப்பம்' என்று பெயரிட்டுக் கண்டித்தார். அக்கண்டனம் நியாயமானதுதானா?

மறுமொழி 1:
நியாயமானதே என்பது என் கருத்து. தோன்றுவதை அது தோன்றும் விதத்திலேயே விவரிப்பதுதான் இம்முறையின் ஒழுங்கு. தோன்றாத ஒன்றை முன்கூட்டியே நம்பிக்கொண்டு விவரிக்கத் தொடங்கினால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். இறையியல் நம்பிக்கையைத் தன் பொருளாகக் கொண்ட தனி அறிவியல் என்றும், அவ்வகையில் அது தத்துவத்தைவிட வேதியியலுக்கே நெருக்கமானது என்றும் ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் 1927ஆம் ஆண்டு உரையில் கூறியதை நினைவில் கொள்ளலாம். சற்றே குறும்பான ஒப்பீடுதான், ஆயினும் எல்லையைத் தெளிவாகவே வகுக்கிறது.

மறுமொழி 2:
1997இல் வந்த நூலில் மரியோன் இக்கண்டனத்துக்கு விடையளிக்கிறார். நம் கருத்துகளால் அள்ளி முடிக்க இயலாத அளவுக்கு மிகுதியாகத் தரப்படும் நிகழ்வுகள் உண்டு என்பது அவர் வாதம்: வரலாற்றுச் சம்பவம், ஓவியம், நம் சொந்த உடல், பிறர் முகம். ஒவ்வொரு முறை காணும்போதும் புதிதாகப் பார்க்க வைக்கும் ஓவியத்தை ஏற்பதற்கு எவரும் விசுவாசியாக இருக்க வேண்டியதில்லை. இந்நான்கும் ஒருங்கே கூடுவதே வெளிப்பாடு. அது நிகழக்கூடும் என்பதை மட்டுமே நிகழ்வியல் கூறும், உண்மையில் நிகழ்ந்ததா என்பதை இறையியலுக்கு விட்டுவிடும்.

கேள்வியாளர்:
நன்றி. ஆயினும் அங்கே அவர் எடுத்துக்காட்டாகக் கொள்வது கிறிஸ்துவையே அல்லவா? கடவுள் உடலெடுத்ததை ஏற்காத இஸ்லாத்தில், ஓதப்பட்ட சொல்லே வெளிப்பாடு. உடலும் முகமும் கூடாத வெளிப்பாட்டை அவ்வரையறை எவ்வாறு ஏற்கும்? வெறும் சாத்தியத்தைத்தான் விவரிக்கிறோம் என்பவர் இதற்கும் இடமளிக்க வேண்டும்.

மறுமொழி 3:
அங்கேதான் மரியோன் சறுக்குகிறார் என்று எனக்கும் தோன்றுகிறது. அவ்வகையில் லெவினாஸ் கவனமாக இருந்தார்; அவர் பேசும் முடிவிலி (நம் கருத்துக்குள் அடங்காதது), பிறர் முகத்திலிருந்து எழும் அறக் கட்டளையாக மட்டுமே வருகிறது. யூதர்களின் மறைச் சட்ட விளக்கத் தொகுப்பான தால்முத் பற்றிய தம் உரைகளைத் தத்துவ நூல்களோடு கலவாமல் வேறொரு பதிப்பகத்திலேயே வெளியிட்டார். ழானிக்கோ இவரையும் அதே பட்டியலில் சேர்த்தது எனக்கு ஏற்புடையதாக இல்லை.