மூன்றரை வயது மகள் வரப்போகிறாள், வேறு நாட்டில் இருந்து. வீட்டில் என்னென்ன தயார் செய்யணும்?

மழைத்துளி:
எல்லாருக்கும் வணக்கம். நானும் கணவரும் வெளிநாட்டுக் காப்பகத்தில் இருக்கும் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்கிறோம். அதிகாரிகள் வந்து எங்கள் தகுதியைப் பார்க்கும் வீட்டு ஆய்வு முடிந்து இரண்டு அரசும் ஒப்புதல் கொடுத்தாச்சு. மூன்றரை வயது, கைக்குழந்தையில் இருந்தே அங்கேதான் வளர்கிறாள். இன்னும் சில வாரத்தில் போய் அழைத்து வரணும்.

அறைக்குப் பெயின்ட் அடித்து, கட்டில், பொம்மை எல்லாம் வாங்கிவிட்டோம். விமான நிலையத்துக்கே இரண்டு பக்க உறவும் திரண்டு வரப் போகிறார்கள். மாமியார் "நான் வந்து ஒரு மாசம் பிள்ளையைப் பார்த்துக்கறேன், நீ நல்லா ரெஸ்ட் எடு" என்கிறார். அவள் பெயரை மாற்றுவதா வேண்டாமா என்று வேறு வீட்டில் பேச்சு ஓடுகிறது. இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

கடலோரம்:
வாழ்த்துகள்மா. எங்கள் மகன் இதே மாதிரி நாலு வயதில் வந்தான், இப்போது கல்லூரியில் படிக்கிறான். மனசில் பட்டதை அப்படியே சொல்கிறேன்.

கட்டிலும் பொம்மையும் இருக்கட்டும். முதல் வேலையாகக் காப்பகத்துக்கு ஒரு கேள்விப் பட்டியல் அனுப்புங்கள். தனியாகத் தூங்குவாளா, மற்ற பிள்ளைகளோடு வரிசையாகவா? இரவில் விளக்கு எரியுமா? குளிப்பாட்டுவது யார்? அழுதால் யாராவது தூக்குவார்களா? எதற்குப் பயப்படுவாள்? செல்லமாக எப்படிக் கூப்பிடுவார்கள்? காப்பகத்தில் எங்கள் மகனைத் தூங்க வைக்கும் பணியாளர் அம்மா, அவன் முதுகைத் தட்டியபடி ஒரே பாட்டைத்தான் தினமும் முணுமுணுப்பார் என்பது இப்படிக் கேட்டுத்தான் தெரிய வந்தது. அதை அவர் குரலிலேயே போனில் பதிவு செய்து எடுத்து வந்தோம்.

நம் வீட்டில் அன்றைக்குக் கொண்டாட்டம். பிள்ளைக்கோ, தெரிந்த முகம், தெரிந்த வாசனை, தெரிந்த பேச்சு எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போகிறது. எங்கள் மகன் முதல் ராத்திரி ஷூவைக் கழற்றவே விடவில்லை. கதவுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். திரும்பிக் கூட்டிப் போக ஆள் வருவார்கள் என்று காத்திருந்தான். நாங்கள் எதுவும் பேசாமல் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டோம். ஷூவோடுதான் தூங்கினான். பல நாள் அப்படித்தான். கட்டாயப்படுத்தாமல் விட்டது நல்லது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால் விமான நிலையக் கூட்டம் வேண்டவே வேண்டாம். அங்கே அவள் போர்த்திய போர்வை, போட்ட பழைய சட்டை, எது கொடுத்தாலும் கேட்டு வாங்கி வாருங்கள். வந்ததும் துவைத்துப் போடாதீர்கள், அந்த வாசனைதான் அவளுக்குத் துணை.

மாமியார் தாராளமாக வரட்டும். சமையல், துணி, கடை கண்ணி அவர் பார்க்கட்டும். சாப்பாடு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, அழுதால் தூக்குவது மட்டும் முதல் சில மாதம் நீங்கள் இரண்டு பேரும்தான். காப்பகத்தில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கை மாறும். எல்லாக் கையும் ஒன்றுதான் என்று பழகிய பிள்ளைக்கு, இந்த இரண்டு பேர் எங்கேயும் போக மாட்டார்கள் என்று புரிய நாள் பிடிக்கும். வந்த புதிதிலேயே யாரிடமும் ஓடிப் போய் மடியில் உட்காரலாம். "அடடா, எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கிச்சு" என்று உறவுகள் சந்தோஷப்படுவார்கள். நீங்கள் அதைக் கவனித்து வையுங்கள். ருமேனியக் காப்பகங்களில் இருந்து பிரிட்டனுக்கு வந்த பிள்ளைகளை குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் குழுவினர் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் காப்பகத்தில் இருந்தவர்கள் சிலரிடம் இந்தப் பழக்கம் நெடுநாள் நீடித்தது. அன்றைக்கு அங்கே நிலைமை படுமோசம், உங்கள் மகள் கதை அப்படி இருக்கணும் என்று இல்லை. ஆனாலும் ஊட்டும் கை உங்கள் கையாகவே இருக்கட்டும்.

சாப்பாட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தால் திட்டாதீர்கள். கைக்கு எட்டுகிற இடத்தில் அவளுக்கென்று ஒரு டப்பா நிரப்பி வையுங்கள், காலியாகவே விடாதீர்கள்.

ஸ்டெதஸ்கோப்:
குழந்தை மருத்துவர் நான். வந்த முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு முழுப் பரிசோதனை. அங்கிருந்து வரும் ரிப்போர்ட்டை மட்டும் நம்பி விட்டுவிட வேண்டாம். ரத்தசோகை, ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி, காசநோய், குடல் புழு, ரத்தத்தில் ஈயம், தைராய்டு, கண், காது எல்லாம் பாருங்கள். காசநோய்ப் பரிசோதனை முதலில் நெகட்டிவ் வந்தாலும் சில மாதம் கழித்து ஒரு முறை மறுபடி. தடுப்பூசி அட்டையில் சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்க்கலாம், அல்லது திரும்பவும் போட்டுவிடலாம். உயரம், எடை குறைவாக இருக்கலாம், பயப்படாதீர்கள். வீட்டுச் சாப்பாடும் அரவணைப்பும் கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் வேகமாக வளர்ந்து எட்டிப் பிடிப்பார்கள்.

இருகரை:
நானே அப்படி வந்த பிள்ளைதான். இப்போது எனக்கே ஒரு மகன்.

பெயரை எடுக்காதீர்கள். உங்கள் ஆசைக்கு ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அவள் கூடவே வரும் ஒரே சொத்து அந்தப் பெயர். என் பெற்றோர் அதை விட்டு வைத்தார்கள், அதற்காகவே அவர்களைக் கும்பிடுவேன்.

அடுத்தது காகிதம். ஒரு துண்டுச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு நாடும், நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993 ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்தவை என்றால், பிள்ளையின் பின்னணி, குடும்ப விவரம், மருத்துவ வரலாறு அடங்கிய அறிக்கை உங்களுக்கு வந்திருக்கணும். தத்தெடுப்பு ஒப்பந்தப்படி நடந்தது என்று 23ஆம் பிரிவின்படி தரும் சான்றிதழின் அசலைப் பத்திரப்படுத்துங்கள். 30ஆம் பிரிவு பிள்ளையின் பூர்வீகத் தகவலை அரசு காப்பாற்றணும் என்கிறது, இருந்தாலும் உங்களிடம் ஒரு நகல் இருப்பதுதான் நிச்சயம். என் கோப்பில் காப்பகப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல் ஒன்று இருக்கிறது. யாரோ ஒருவர் நீல மையில் என் எடையையும், நான் உடுத்தியிருந்த துணியின் நிறத்தையும் எழுதி வைத்திருக்கிறார். பதினாறு வயதில் அந்தப் பக்கத்தை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

குடியுரிமை தானாக வந்துவிடும் என்று மட்டும் இருக்காதீர்கள். அது நாட்டுக்கு நாடு வேறு. தத்துப் பிள்ளைகளுக்குத் தானாகக் குடியுரிமை தர அமெரிக்காவில் 2000இல் போட்ட சட்டம், அது அமலுக்கு வந்த 2001 பிப்ரவரியில் 18 வயதைத் தாண்டியிருந்தவர்களைச் சேர்க்கவில்லை. பெற்றோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் விட்டதால், சின்ன வயதிலேயே அங்கே வந்து வளர்ந்தவர்கள் நாடுகடத்தப்பட்டதும் நடந்திருக்கிறது. கையில் சான்று வாங்கும்வரை விடாதீர்கள்.

அவள் மொழியில் நாலு வார்த்தையாவது கற்றுக்கொண்டு போங்கள்: பசி, வலி, பயம், அம்மா இங்கேதான் இருக்கேன். பாட்டுகளும் வீட்டில் ஓடட்டும். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீனாவில் பிறந்து தத்துப் பிள்ளைகளாகப் பிரெஞ்சு பேசும் குடும்பங்களில் வளர்ந்த பெண்களைச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். சீன மொழி துளியும் நினைவில் இல்லை, ஆனாலும் சீன ஒலிகளைக் கேட்டதும் அவர்கள் மூளை சீனம் பேசுகிறவர்களுடையது போலவே வேலை செய்தது. அதைப் படித்த அன்று அழுதேன்.

மழைத்துளி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெயர் அப்படியே இருக்கட்டும் என்று கணவரும் சொல்லிவிட்டார். மாமியாரிடம் இருகரை எழுதியதையே படித்துக் காட்டப் போகிறேன். கடலோரம் அக்கா, ஒன்று மட்டும்: எங்களில் ஒருத்தரிடம் வரவே மாட்டேன் என்று அழுதால் என்ன செய்ய?

கடலோரம்:
நிறைய வீட்டில் நடக்கிறதுதான்மா. காப்பகத்தில் பார்த்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதனால் உன் கணவரைக் கண்டு மிரளலாம். இப்போதே அவர் பேசி ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்புங்கள், அங்கே தினமும் போட்டுக் காட்டட்டும். நேரில் போனதும் அவர் தூக்க முயல வேண்டாம், தரையில் உட்கார்ந்து விளையாட்டுச் சாமானை உருட்டிக்கொண்டு இருக்கட்டும், அவளே வரட்டும். உன்னிடம் வராமல் அவரிடம் ஒட்டினாலும் இதே வழிதான். அந்தக் கேள்விப் பட்டியலை அவர்கள் மொழியில் எழுதி அனுப்பு. அலுவலகத்தோடு நின்றுவிடாமல், அவளைக் குளிப்பாட்டித் தூங்க வைக்கிறவர் கைக்கே போகணும் என்று சொல்லிக் கேள்.