என்ரோல்டு ஏஜென்ட் தேர்வும் அதற்குப் பிந்தைய தொடர் கல்வியும்

கேள்வி – வியாசர்பாடி வாசகர்
வணக்கம். பி.காம். முடித்து, அமெரிக்க வருமான வரிப் படிவங்களைத் தயாரிக்கும் நிறுவனமொன்றில் இரவுப் பணி பார்க்கிறேன். என்ரோல்டு ஏஜென்ட் (அமெரிக்க வருமான வரித்துறை முன் வரி செலுத்துவோர் சார்பில் ஆஜராக உரிமம் பெற்றவர்) தேர்வின் முதல் தாளில் தேறிவிட்டேன். மற்ற இரண்டையும் எதற்குள் முடிக்க வேண்டும், அதன்பின் அத்தகுதியைத் தக்கவைக்கத் தொடர் கல்வி எவ்வளவு என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – தண்டையார்பேட்டை
தம்பி, ஒரு தாளில் தேறிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு அத்தேர்ச்சி செல்லும். முன்பு 2 ஆண்டுகளாகவே இருந்தது. ஒவ்வொரு தாளிலும் மூன்றரை மணி நேரத்தில் 100 கேள்விகள். மார்ச், ஏப்ரலில் தேர்வு கிடையாது. அமெரிக்க வரிப் படிவங்கள் குவியும் காலம் என்பதால் நமக்கும் அப்போது மூச்சுவிட நேரமிராது. வணிக நிறுவனங்கள் பற்றிய இரண்டாம் தாளில் நான் ஒருமுறை தோற்றேன். கூட்டாண்மைக் கணக்குகளை வழிமுறை புரியாமல் மனப்பாடம் செய்ததே காரணம்.

பதில் – பெரம்பூர்
தொடர் கல்வி 3 ஆண்டுச் சுழற்சிக்கு 72 மணி. ஆண்டுக்குக் குறைந்தது 16, அதில் 2 மணி தொழில் நெறிமுறை. இங்கே ஒரு மணி என்பது 50 நிமிடம்தான். சுழற்சியின் நடுவே சேர்பவர், சேர்ந்த மாதத்திலிருந்து மாதத்துக்கு 2 மணி என்று கணக்கிட வேண்டும். சான்றிதழ்களை 4 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஒரு டிசம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, கட்டிலுக்கடியில் இருந்த என் கோப்பு அப்பளமாக ஊறிப்போனதால், இப்போது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் வைத்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்
நன்றி ஐயா. ஸ்கேன் வேலையை இன்றே தொடங்குகிறேன்.