ராமேஸ்வரம் ஒரு நாள் திட்டம்: அக்னி தீர்த்தம் 22-ல சேருமா, சேராதா?

தீவுக்காரன்:
பயணப்பை போட்ட திட்டத்தைப் பார்த்தேன். "காலை 4.30 அக்னி தீர்த்தம், 5 மணி ஸ்படிக லிங்கம், அக்னி தீர்த்தத்தோடு சேர்த்து 22 தீர்த்தம் 45 நிமிடம், 7.30 தனுஷ்கோடி." மத்தது கிடக்கட்டும். அக்னி தீர்த்தம் 22-ல எப்பய்யா சேர்ந்துச்சு? அது ராமநாதசுவாமி கோயிலோட கிழக்குக் கோபுரத்துக்கு எதிர்ல இருக்கிற கடல். 22 தீர்த்தமும் கோயில் மதிலுக்கு உள்ள. மகாலட்சுமி தீர்த்தத்துல ஆரம்பிச்சு கோடி தீர்த்தத்துல முடியும். கடலையும் சேர்த்தா 23.

பயணப்பை:
வந்துட்டாரு. எல்லாரும் அக்னி தீர்த்தத்தைத்தான் முதல் தீர்த்தம்னு சொல்றாங்க. முதல்னா ஒண்ணு. ஒண்ணுல இருந்து எண்ணத் தெரியும்ல?

தீவுக்காரன்:
முதல்ல குளிக்கிறதும் கணக்குல முதலும் ஒண்ணா? கல்யாணத்துல முதல்ல பிள்ளையாருக்குத்தான் பூஜை. அதுக்காக அவரா மாப்பிள்ளை?

எண்ணிக்கோ தம்பி. மகாலட்சுமி, சாவித்திரி, காயத்ரி, சரஸ்வதி, சேதுமாதவ, கந்தமாதன, கவாட்ச, கவய, நள, நீல, சங்கு, சக்கர, பிரம்மஹத்தி விமோசன, சூரிய, சந்திர, கங்கா, யமுனா, கயா, சிவ, சத்யாமிர்த, சர்வ, கோடி. இதுல அக்னி எங்க?

பயணப்பை:
பட்டியல் எங்க வேணா கிடைக்கும். திட்டத்துல நேரம் தப்புன்னா அதைச் சொல்லுங்க.

தீவுக்காரன்:
நேரமும் தப்பு. 4.30க்குக் கடல்ல முங்கிட்டு 5 மணிக்கு ஸ்படிக லிங்கத்துக்கு எப்படிப் போவ? ஈரத்துணியோட சன்னதிக்குள்ள விடமாட்டாங்க. ஸ்படிக லிங்க தரிசனம் 5-லேர்ந்து 6 வரைக்கும்தான். அறையிலேயே குளிச்சு, உலர்ந்த துணியோட அதை முடி. அப்புறம் கடல், அப்புறம் உள்ள 22, அப்புறம் துணி மாத்தி மூலவர். இதை மாத்தினா வெடவெடன்னு வாசல்ல நிக்கணும்.

கடல்நாரை:
சண்டைக்கு நடுவுல ஒரு விஷயம். 45 நிமிஷம் செவ்வாய், புதன்ல காலையில போனா சாத்தியம். சனி ஞாயிறுன்னா 2 மணி நேரம் ஒதுக்குங்க. ஆடி, தை, மகாளய அமாவாசைன்னா தீர்த்தத்துக்கு மட்டுமே பாதி நாள் போயிரும், தனுஷ்கோடியை மறந்துடலாம். செல்போனுக்குக் கோயிலுக்குள்ள அனுமதி இல்ல. மாத்துத் துணிப் பையோட ஒருத்தர் வெளிய உக்காரணும், அப்புறம் ஆள் மாத்தி அவர் போகணும். அந்த நேரத்தை யாரும் கணக்குல சேர்க்கறதில்ல. கல்தரை முழுக்க வழவழன்னு தண்ணி. வயசானவங்களைக் கையைப் பிடிச்சே கூட்டிட்டுப் போங்க.

பயணப்பை:
நன்றி நாரை. இப்படிச் சொன்னா திருத்திக்கலாம். சில பேருக்குக் குத்திக்காட்டினாத்தான் தூக்கம் வரும். கொடைக்கானல் இழையிலயும் இதே ஆளு தூண் பாறை எத்தனைன்னு மூணு நாள் சண்டை போட்டாரு.

தீவுக்காரன்:
கொடைக்கானல்ல நான் சொன்னது சரி. தூண் மூணு. இங்க சொல்றதும் சரி. 22.

பழையபஸ்:
அது இருக்கட்டும். திட்டத்துல "பாம்பன் பாலத்துல இறங்கி ரயில் பாலம் மேலே தூக்குறதைப் பார்க்கலாம்"னு இருக்கே. ரோட்டுப் பாலத்துல வண்டி நிறுத்தக் கூடாது. கப்பல் வந்தாத்தான் நடுப்பகுதி தூக்குவாங்க, சுற்றுலாக்காரங்களுக்காக மணியடிச்சுத் தூக்க மாட்டாங்க. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே 17 மீட்டர் செங்குத்தா ஏறும். 1914-ல திறந்த பழைய பாலம் ரெண்டு கதவா விரிஞ்சுது. ரெண்டையும் குழப்பாதீங்க.

பயணப்பை:
குழப்பல. பாலம் ஏறும்னுதான் எழுதினேன்.

தீவுக்காரன்:
பாலத்தை விடுங்க. 25 ரூபாய் சீட்டு வாங்குறது எத்தனை தீர்த்தத்துக்கு? 22-க்கு. கடலுக்கு யாராவது சீட்டு கிழிக்கிறானா?

பயணப்பை:
சீட்டு இல்லேன்னா தீர்த்தம் இல்லையா? ஜடா தீர்த்தத்துக்கும்தான் சீட்டு இல்ல.

தீவுக்காரன்:
அதைத்தான் நானும் சொல்றேன்! தனுஷ்கோடி ரோட்டுல ஜடா தீர்த்தம், தங்கச்சிமடத்துல வில்லூண்டி, ஊருக்கு வெளிய இன்னும் எத்தனையோ. எல்லாம் தீர்த்தம்தான். எதுவும் 22-ல சேராது. அக்னியும் அப்படித்தான்.

கடல்நாரை:
7.30க்கு தனுஷ்கோடிங்கிறதும் இடிக்குது. தீர்த்தம், துணி மாத்தறது, மூலவர், இட்லி எல்லாம் முடியவே 10 மணி ஆயிடும். அங்கேருந்து தனுஷ்கோடி ரோடு முடியற அரிச்சல்முனை சுமார் 20 கிலோமீட்டர். உச்சி வெயில்ல நிழலே கிடையாது. மதியம் 1 மணிக்கு நடை சாத்திடுவாங்க, 3 மணிக்குத்தான் திறப்பாங்க. அந்த இடைவெளியில பேய்க்கரும்பு கலாம் நினைவிடம், ராமர் பாதம் பார்த்துட்டு, 3 மணிக்கு தனுஷ்கோடி கிளம்புங்க. வழியில கோதண்டராமர் கோயில். 5 மணிக்கு மேல போனா சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிடுவாங்க. வண்டியைத் தார்ரோட்டை விட்டு மணல்ல இறக்காதீங்க, டயர் புதைஞ்சா காத்தைக் குறைச்சாத்தான் மேல ஏறும்.

பழையபஸ்:
2017-ல ரோடு போடறதுக்கு முன்னாடி முகுந்தராயர் சத்திரத்துல இருந்து வேன்லதான் போகணும், மணல்லயும் தண்ணியிலயும். இப்ப நேரா காரை விட்டுட்டு "ஒரு மணி நேரம் போதும்"ங்கிறாங்க. குளிக்கப் போறேன்னு அரிச்சல்முனையில இறங்கவும் செய்றாங்க. அங்க நீரோட்டம் இழுத்துரும். கால் நனைக்கிறதோட நிறுத்திக்கோங்க, அதுவும் அமைதியா இருக்கிற பெண்கடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம்.

பயணப்பை:
பெண்கடல் அமைதிங்கிறது எல்லா மாசத்துக்கும் பொருந்தாது. வடகிழக்குப் பருவக்காத்து அடிக்கும்போது பாக் நீரிணைப் பக்கம்தான் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடா அடங்கிக் கிடக்கும். இதையும் எனக்குச் சொல்லித் தர வராதீங்க.

பழையபஸ்:
நான் சொன்னது ஜூன், ஜூலைக்கு. மாசம் போடாதது என் தப்புன்னே வெச்சுக்கங்க. வருஷம் முழுக்க நீந்தக் கூடாத இடம்தான் அது.

தீவுக்காரன்:
பாருங்க, கடலைப் பத்தி இவ்வளவு தெரியுது. அக்னி தீர்த்தமும் கடல்தான்னு மட்டும் தெரியல.

கேள்விக்குறி:
அம்மாவுக்கு முழங்கால் வலி. 22 கிணத்துக்கும் படி இறங்கணுமா அண்ணே?

தீவுக்காரன்:
இறங்க வேண்டாம். கிணத்து விளிம்புல நின்னு வாளியால இறைச்சுத் தலையில ஊத்துவாங்க. சேதுமாதவம் மட்டும் குளம். கந்தமாதனத்துல இருந்து நீலம் வரைக்கும் அஞ்சும் சேதுமாதவர் சன்னதிகிட்டயே பக்கத்துல பக்கத்துல இருக்கு. அதுக்கப்புறம்தான் நடை ஜாஸ்தி. கோடி தீர்த்தம் வந்துட்டா முடிஞ்சுது, அது 22. பயணப்பை கணக்குல போனா உங்கம்மா இன்னொண்ணு எங்கடான்னு தேடிட்டு நிப்பாங்க.

பயணப்பை:
என் கணக்குல போனா கடல்லயே ஒண்ணு முடிச்சுட்டுத்தான் உள்ள வருவாங்க.

தீவுக்காரன்:
அப்ப உள்ள 21-தானா? எதை விட்ட? பேரைச் சொல்லு.

பயணப்பை:
திட்டத்தைத் திருத்தப் போறதில்ல. நேரம் மட்டும் நாரை சொன்னபடி மாத்தியிருக்கேன்.

தீவுக்காரன்:
பேரைச் சொல்லுன்னேன்.