நாயனத்தை (நாகசுரத்தை) நேரில் எங்கே நின்று கேட்பது? ஆராதனைப் பந்தலா, சுவாமி புறப்பாடா?

கேள்வி: குடமுருட்டிக்கரை

அனைவருக்கும் வணக்கம். பாபநாசத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்து, கடந்த பதினான்கு ஆண்டுகளாகப் புணேயில் வேலை பார்த்து வருகிறேன். கச்சேரிகளைப் பெரும்பாலும் ஹெட்போனில் கேட்டே வளர்ந்தவன் என்பதால், நேரில் கேட்டுப் பழகியவர்களிடம் ஒரு சந்தேகத்தை வைக்கிறேன்.

சென்ற வைகாசியில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றின் திருவிழாவுக்குப் போயிருந்தேன். இரண்டு நாயனமும் இரண்டு தவிலும் கொண்ட நல்ல மேளம் வந்திருந்தது. மேடையின் இருபுறமும் ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். ஆசையோடு முன்வரிசையில் அமர்ந்தேன். தோடி ராக ஆலாபனை தொடங்கிய சிறிது நேரத்திலேயே காது வலிக்கத் தொடங்கியது. கமகம் (சுர அசைவு) எது, பிருகா (விரைவான சுரக்கோவை) எது என்று பிரித்தறிய முடியவில்லை. தவில் சொற்கள் (தாள அடிகள்) அனைத்தும் ஒரே இரைச்சலாகக் கலந்து போயின. கால் மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில், மூன்று தெரு தாண்டிக் குளத்தங்கரைக்கு வந்தபோது, அதே தோடி அத்தனை தெளிவாகவும் உருக்கமாகவும் காதில் விழுந்தது. படித்துறையில் அமர்ந்து ஒரு மணி நேரம் கேட்டேன். முன்வரிசையில் அமர்ந்தவனுக்குக் கிடைக்காதது குளத்தங்கரையில் கிடைத்தது ஏன்?

இந்த முறை, எழுபத்தொரு வயதாகும் என் தந்தையையும் அழைத்துக்கொண்டு வர எண்ணுகிறேன். தியாகராஜருக்காக நடக்கும் திருவையாற்று ஆராதனைக்கு வருவதா, அல்லது ஏதேனும் ஒரு கோயிலின் புறப்பாட்டுக்கு வருவதா, எங்கே வந்தாலும் எந்த இடத்தில் அமர்வது என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: புஷ்யமண்டபம்

தம்பி, எழுந்து வந்ததற்காக வருந்தாதீர்கள். உங்கள் காது சரியாகவே இருக்கிறது. நாயனத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். 1974 முதல் அநேகமாக எல்லா ஆண்டுகளும் ஆராதனைக்குப் போய் வருகிறவன் என்ற முறையில் நான் திருவையாற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதைக் கச்சேரி மேடையாக எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அது ஓர் அஞ்சலி. தியாகராஜர் 1847ஆம் ஆண்டு, புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாளான புஷ்ய பகுள பஞ்சமியன்று சித்தியடைந்தார்; அந்தத் திதியை ஒட்டிய நாள்களில் அவருடைய சமாதிக்கு அருகில், பெயர் பெற்ற வித்துவானும் நேற்று அரங்கேறிய பிள்ளையும் ஒன்றிரண்டு கீர்த்தனைகளைக் காணிக்கையாகப் பாடிவிட்டு அடுத்தவருக்கு இடம் விட்டு இறங்குகிறார்கள். ராகத்தை விரித்து, நிரவல் செய்து, சுரம் பாடி, தனி ஆவர்த்தனம் விட அங்கே நேரமில்லை. ஒரு கலைஞரின் முழு வீச்சைக் கேட்க வேண்டுமென்றால் அது அதற்கான இடமன்று என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் பஞ்சமி காலையை மட்டும் தவறவிடாதீர்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து ராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடும்போது, தயவுசெய்து பிரபலங்களின் முகம் தெரியும் இடத்தைத் தேடாதீர்கள். பந்தலின் ஓரத்தில், மடியில் நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு பாடும் கூட்டத்தின் நடுவே அப்பாவை அமர வையுங்கள். அங்கே ஸ்பீக்கரின் ஒலியைவிடப் பக்கத்தில் இருப்பவரின் குரல்தான் மேலோங்கும். வராளி வந்ததும் கூட்டத்தின் குரல் சற்று மெலிவதைக் கவனியுங்கள். அந்த ராகத்தைக் குரு நேரே பாடம் சொல்லக் கூடாது என்ற பழைய நம்பிக்கையால், அதை முறையாகப் பாடம் பண்ணியவர்கள் குறைவு. ஸ்ரீ ராகம் தொடங்கியவுடன் மெலிந்த குரல்களெல்லாம் ஒன்றுசேர்ந்து எழும். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

சமாதிக்கு எதிரே இருக்கும் பெங்களூர் நாகரத்தினம்மாளின் சிலையையும் பார்த்துவிட்டு வாருங்கள். தம் உடைமைகளை விற்று அந்தக் கோயிலை எழுப்பியவர் அவர். பெண்களுக்கு ஆராதனையில் பாட இடம் தராத காலத்தில் பெண்களுக்கென்றே தனிக் கோஷ்டி அமைத்துப் போராடியவரும் அவரே. இன்று அந்தக் கோஷ்டி கானத்தில் பாதிக்கு மேல் பெண்குரலாகக் கேட்கும்போது, அவரை நினைக்காமல் என்னால் கேட்க முடிவதில்லை.

பதில் 2: தவில்வீட்டுப்பிள்ளை

எங்கள் வீடு மூன்று தலைமுறையாகத் தவில் வீடு. நான் வாசிப்பதில்லை, ஆனால் சிறுவயதில் அப்பாவின் தவிலைச் சுமந்துகொண்டு வலங்கைமான் முதல் வேதாரண்யம் வரை போகாத திருவிழா இல்லை என்னும் அளவுக்குச் சுற்றியிருக்கிறேன். ஆகவே குளத்தங்கரை ஐயத்துக்கு நான் விடை சொல்வதே பொருத்தம்.

நாயனம் திறந்த வெளிக்கென்றே உருவான வாத்தியம். 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாயனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் அந்தக் குழல் மேலே குறுகி, கீழே போகப் போக விரிந்து, அணசு என்னும் அகன்ற வாயில் முடிகிறது. விரலால் மூடித் திறக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழே இன்னும் ஐந்து துளைகள் இருக்கின்றன, அவற்றை மெழுகால் கூட்டிக் குறைத்து ஒலியைச் சீர்செய்வார்கள். ஆகையால் அதன் நாதம் அணசின் வாயிலிருந்து மட்டும் வருவதில்லை. திறந்திருக்கும் துளைகள் வழியாகவும் வெளியேறி, சில அடிகள் தள்ளிய பிறகே ஒன்றுகூடி முழுமை பெறுகிறது. அணசுக்குள் மைக்கைச் செருகி வைத்தால் கிடைப்பது அந்த நாதத்தின் ஒரு பகுதி, அதுவும் அதன் கூர்மையான பகுதி மட்டுமே. அதைப் பத்துப் பெட்டிகளில் பெருக்கிக் காட்டினால் யாருக்குத்தான் காது வலிக்காது? தொலைவு கூடக் கூட அந்தக் கூர்மை தேய்ந்து குழைவு தங்குகிறது. குளத்தங்கரையில் நீங்கள் கேட்டது அதைத்தான்.

பழைய திமிரி நாயனம் குட்டையானது, சுருதி உயர்ந்தது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீளமான பாரி நாயனத்தைக் கையாண்டு சுருதியைத் தாழ்த்தினார். அவருடைய தோடியைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள் என்றால் அந்தக் குழைவும் ஒரு காரணம். அப்படித் தேடிக் கண்டடைந்த குழைவை ஒரு மைக்கால் இழந்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

ஆகவே புறப்பாட்டுக்கு வாருங்கள் என்பேன். கோபுர வாசலில் சுவாமி வெளியே வரும்போது கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்னும் உருப்படியை வாசிப்பார்கள். அதற்குச் சாகித்தியம் (பாடல் வரிகள்) கிடையாது. வெறும் சொற்கட்டாகவே ஒன்று, இரண்டு, மூன்று என்று காலம் (வேகம்) ஏறும். அதைக் கேட்க வாசலுக்கு நேரே நிற்க வேண்டாம். வீதி திரும்பும் முனையில், மேளத்துக்கு முப்பது நாற்பது அடி முன்னால் நில்லுங்கள். அந்த முனையில் மேளம் நின்றுவிடும். தேங்காய் உடைப்பவர்களும் பட்டுச் சாத்துபவர்களும் சுவாமியைச் சூழ்ந்திருக்கும் நேரமெல்லாம் நாயனக்காரருக்குச் சொந்தமான நேரம். ராகம் விரிவது அங்கேதான். யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

அருகில் போய்ப் பார்க்கவும் சில உண்டு. நாயனக்காரர், ஊதுவாயில் பொருத்தும் நாணல் துண்டான சீவாளியை எடுத்து நாவால் நனைத்து, தனியே ஊதிப் பார்த்து, திருப்தியில்லாமல் கயிற்றில் தொங்கும் இன்னொன்றை மாற்றிப் பொருத்துவார். அந்த இடைவெளியைத் தவில்காரர் சிறு சிறு சொற்களால் நிரப்பிக்கொண்டிருப்பார். வலக்கை விரல்களில் கெட்டியான கூடு, இடக்கையில் பூவரசங்கழி. பனி இறங்கியதும் தோல் தளர்ந்து நாதம் மழுங்கும். வாரை இறுக்கிவிட்டு தவிலின் வலப்பக்கத் தோல்முகமான வலந்தலையில் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். ராகம் எது என்று தெரியாதவர்களும் அந்த ஒரு தட்டில், இனித் தவில் பேசத் தொடங்கும் என்று தெரிந்துகொள்வார்கள்.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட மனம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாவில், மல்லாரி இரண்டாம் காலத்தில் இருக்கும்போதே, பத்தடி பின்னால் பேண்டு வாத்தியத்தைத் தொடங்கச் சொல்லிவிட்டார்கள். அப்பா வாசிப்பதை நிறுத்தி, வலந்தலையின் மீது கையை வைத்தபடி அப்படியே நின்றார். வீட்டுக்கு வந்து கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் வைக்கும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. விழா நடத்துகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது பெரிய மேடையோ பெரிய சன்மானமோ மட்டுமன்று. மல்லாரி முடியும் வரையேனும் வேறு ஓசை கூடாது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

பதில் 3: ஒலிப்பந்தல்

கும்பகோணம் பக்கம் இருபது ஆண்டுகளாக மைக் செட் தொழில் செய்கிறேன். தவில்வீட்டு அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பழி முழுவதையும் மைக்கின் மீது போடுவதை ஏற்க இயலவில்லை. திறந்த வெளி மேடையில் ஆயிரம் பேர் பேசிக்கொண்டும் பஜ்ஜி வாங்கிக்கொண்டும் இருக்கும்போது, கடைசி வரிசைக்கு ஒலி போய்ச் சேர்ந்தாக வேண்டும். எத்தனை பெட்டி என்பதை விழாக் குழுவினர் முடிவு செய்கிறார்கள். பக்கத்து ஊரைவிடக் குறைந்துவிடக் கூடாது என்பதே அவர்கள் எங்களுக்கு இடும் முதல் நிபந்தனை.

என் அனுபவத்தில் நாயனத்துக்கு அணசை விட்டு இரண்டு மூன்று அடி தள்ளி, சற்று மேலே, துளைகளை நோக்கி ஒரு மைக் போதும். தவிலுக்கு அநேகமாகத் தேவையே இல்லை. எக்கோவை அறவே நிறுத்திவிட வேண்டும். அதை வைத்தால் தவில் சொல் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பும். இப்படி வைத்த நாள்களில் வித்துவான்களே இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ரசிகர்கள் எழுந்து போய்விடாமல், மிக்ஸர் பக்கம் வந்து, ஒலியைச் சற்றுக் குறையுங்கள் என்று சொல்லுங்கள். இந்த இருபது ஆண்டுகளில் அப்படி வந்து கேட்டவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். கேட்டால் நிச்சயமாகக் குறைப்போம்.

பதில் 4: மீட்டல்

ஒரு சிறு திருத்தத்துக்காக மட்டும் எழுதுகிறேன். தெருவே சிறந்த அரங்கம் என்பது நாயனத்துக்குப் பொருந்தும்; வீணைக்குப் பொருந்தாது. ஆராதனையில் வாசித்தபோது, மைக் இல்லையென்றால் என் மீட்டு எனக்கே கேட்டிருக்காது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அதற்குரிய தொலைவு உண்டு. வீணைக்கு அது ஒரு கூடத்தின் நீளம். ஆகையால் திருவையாற்றில் வீணை கேட்க வந்தால், ஐயா, தயங்காமல் முன்வரிசைக்கே வாருங்கள்.

குடமுருட்டிக்கரை மீண்டும் எழுதுகிறார்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. தாமதமாக எழுதுவதற்குக் காரணம், இரண்டையும் கேட்டுவிட்டு எழுதலாம் என்று காத்திருந்ததுதான். பஞ்சமியன்று பந்தலின் ஓரத்தில் அமர்ந்தோம். புஷ்யமண்டபம் ஐயா சொன்னபடியே வராளியில் குரல் மெலிந்தது. என் தந்தை மட்டும் நிறுத்தாமல் பாடினார். அவருக்கு வராளி பாடம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

சித்திரையில் திருவையாற்று ஏழூர்த் திருவிழாவுக்கு மீண்டும் வந்தோம். பல்லக்கோடு ஏழு ஊரும் நடக்க அவரால் இயலாது என்பதால், திருப்பழனத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் அனுமதி கேட்டு அமர்ந்துகொண்டோம். மேளம் முனையில் நின்றது. மைக் இல்லை. மல்லாரி முடிந்து கல்யாணியைத் தொடங்கினார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் இடையே நாற்பது அடி இருக்கும். ஒரு பிருகாவும் தவறவில்லை, காதும் வலிக்கவில்லை. இடையில் தவில்காரர் வாரை இறுக்கி ஒரு தட்டு தட்டினார். திண்ணையில் இருந்த அனைவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

பல்லக்கு நகர்ந்ததும் என் தந்தை எழுந்து போய், தாளம் போட்டுக்கொண்டிருந்த பையனிடம், "தம்பி, இந்த மேளம் அடுத்து எந்த ஊரில் வாசிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். புணேக்குத் திரும்பும் ரயில் சீட்டை நான்கு நாள் தள்ளி மாற்றியிருக்கிறேன்.