மாடல் செக்கர் (டிசைன் போகக்கூடிய எல்லா நிலைகளையும் அலசிப் பார்க்கும் டூல்) காட்டி, இன்னும் மனசை விட்டுப் போகாத ட்ரேஸ் (தப்பு நடக்கும் இடம் வரைக்குமான படிவரிசை) எது?

கீபேட்வாசி:
இன்ஃபியூஷன் பம்ப், நோயாளிக்கு மருந்தை அளவாகச் செலுத்தும் மெஷின். கம்பெனி பேர் வேண்டாம். எண் அழுத்தும் பகுதியை மட்டும் நியூஎஸ்எம்வி என்ற மாடல் செக்கரில் எழுதியிருந்தோம். கேட்ட ப்ராப்பர்ட்டி, அதாவது எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய விதி, ஒன்றுதான்: எந்தப் பட்டனை அழுத்தினாலும் திரை மாறணும், இல்லையென்றால் பீப் அடிக்கணும். ஃபால்ஸ் என்று வந்தது. ட்ரேஸ்: 1, 0, 0, புள்ளி, 1. மூன்று இலக்கம் வந்துவிட்டால் புள்ளியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. அழுத்தியது 100.1, திரையில் 1001. மருந்து பத்து மடங்கு! அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் பம்பைப் பார்த்தாலே கண் முதலில் கீபேடுக்குத்தான் போகிறது.

நேர்வழி:
ரெண்டு நர்ஸை உட்கார வைத்திருந்தால் இது ஒரே மதியத்தில் தெரிந்திருக்கும். எங்கள் கதை நேர்மாறு. பணம் எடுக்கும் கியோஸ்க். 'கார்டு எப்படியும் வெளியே வரும்' என்பது ட்ரூ என்று வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். லைவ் போனதும் ஜனங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு கார்டை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஸ்லாட்டில் பாதி நீட்டிக்கொண்டு நின்ற அந்தக் கார்டு! ப்ரூஃப் என்று யாராவது சொன்னால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

ஹால்பக்கம்:
@நேர்வழி, உங்கள் மாடலில் மெஷின் இருக்கிறது, ஆள் இல்லை. கர்சன், பிளாண்ட்ஃபோர்டு என்ற ஆய்வாளர்கள் ஹால் (HOL) என்ற, கணித நிரூபணம் எழுதும் டூலில் ஆளையும் சேர்த்தே எழுதினார்கள்: வந்த காரியம் முடிந்தால் கிளம்பிவிடுவார். அந்த ஒரு விதி இருந்தால் உங்கள் கியோஸ்க் அங்கேயே மாட்டியிருக்கும். ரெண்டு நர்ஸ் போதும் என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் டெக்சஸ் டைலரில், எக்ஸ் (எக்ஸ்-ரே) என்று அடித்ததை ஈ (எலக்ட்ரான்) என்று 8 வினாடிக்குள் திருத்தினால்தான் கோளாறு வந்தது. கை பழகிய ஆபரேட்டருக்குத்தான் அந்த வேகம் வரும். டெஸ்டுக்கு வரும் புது ஆள் மெதுவாக அடிப்பார், எல்லாம் சரியாக ஓடும்.

மர்ஃபிக்காரன்:
எனக்கு ஆய்வாளர் ரஷ்பியின் 2002 பேப்பர்தான். எம்டி-88 விமானத்தின் ஆட்டோபைலட் ஒரு மாடல், பைலட் மனசில் நினைப்பது இன்னொரு மாடல்; ரெண்டும் எங்கே பிரிகிறது என்று மர்ஃபி என்ற மாடல் செக்கரிடம் கேட்கிறார். அதே மாதிரி எங்கள் ஸ்க்ரீனுக்குச் செய்ததில் 'சேவ் ஆகிவிட்டது' என்று யூசர் நம்பும் இடத்தில் பிரிந்தது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு: முழு ஸ்க்ரீனையும் எழுதாதீர்கள், ஸ்டேட் (நிலைகளின் எண்ணிக்கை) பெருகி டூல் திணறும். மோடு மாறும் இடத்தை மட்டும் எடுங்கள். முதலில் 'எந்த நிலையிலிருந்தும் கேன்சல் வேலை செய்கிறதா' என்று கேளுங்கள். அப்புறம் 'ஒரே பட்டன் ரெண்டு மோடில் ரெண்டு வேலை செய்கிறதா'. ட்ரேஸ் வந்ததும் டெவலப்பருக்கு மெயில் போடாதீர்கள்; நிஜ மெஷின் முன்னால் அவரையே உட்கார வைத்து, அந்த வரிசையில் ஒவ்வொன்றாக அழுத்தச் சொல்லுங்கள்.