அமெரிக்கக் காலேஜுக்கு ஈடி (ஏர்லி டிசிஷன், முன்கூட்டியே ஒரே காலேஜுக்குப் போடுற அப்ளிகேஷன்) போட்ட அனுபவம் இருந்தா சொல்லுங்க

எடிசன்_அப்பா:
அக்டோபர் 31 ராத்திரி, ஹாலோவீன், வாசல்ல பசங்க பெல் அடிச்சுட்டே இருக்காங்க, நான் சாக்லேட் கிண்ணத்தோட நிக்கிறேன், பையன் லேப்டாப்பத் தூக்கிட்டு வரான், மறுநாள் கடைசித் தேதி, பேரன்ட் சைன் வேணுமாம். "அப்பா, கெடச்சா போய்த்தான் ஆகணும், மத்த அப்ளிகேஷன் எல்லாம் வாபஸ் வாங்கணும், நமக்கு ஓகேதானே?"ன்னான். "அதெல்லாம் பாத்துக்கலாம்டா"ன்னு ஒத்தக் கையால பேர டைப் பண்ணிட்டேன். டிசம்பர் நடுவுல கெடச்சிருச்சு, கேசரி கெளறியாச்சு, ஊருக்குப் போன் போட்டா மாமனார் "ஈடியா? ரெய்டா மாப்ள?"ன்னு பதறுறார். காலேஜ் எவ்ளோ பண உதவி தருதுன்னு சொல்ற எய்ட் லெட்டர்ல பூஜ்யம். ரெண்டு சம்பளம், போதாததுக்கு வீட்டு மதிப்பையும் கணக்குல சேத்துட்டாங்க. இப்ப வீட்டு மேல லோன். பணத்த விடுங்க, அவன் கேட்டான்ல, அப்ப அந்தக் கிண்ணத்தக் கீழ வெச்சிருக்கலாம்.

டல்லாஸ்காரன்:
எய்ட் பத்தலன்னா வெளிய வரலாமே சார், அக்ரிமென்ட்லயே இருக்கு. இதுக்குப் போயா லோன் வாங்கினீங்க?

ஃப்ரிமான்ட்_அம்மா:
வரலாங்க, ஆனா காலேஜ் சைட்ல, உதவி போக நம்ம கையிலருந்து எவ்ளோ ஆகும்னு காட்டுற நெட் ப்ரைஸ் கால்குலேட்டர் இருக்கே, அதுல முன்னாடியே போட்டுப் பாத்திருந்தா ஏறக்குறைய அதே தொகைதான் வந்திருக்கும், அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்குறது. எங்க வீட்டுக் கதை பணம் இல்ல. பொண்ணு ஈடி போட்டா, டிஃபர் ஆயிருச்சு, அதாவது முடிவு சொல்லாம ரெகுலர் ரவுண்டுக்குத் தள்ளிட்டாங்க. நான் சும்மா இருக்காம ஜனவரில ஈடி 2க்குன்னு, அதான் ஈடியோட ரெண்டாவது ரவுண்டு, இன்னொரு காலேஜப் புடிச்சேன். "ஏன் எங்க காலேஜ்?"னு கட்டுரை கேப்பாங்கல்ல, ராத்திரி 11 மணிக்கு எழுதிட்டிருந்தவ தலையத் தூக்காமலே "அம்மா, நமக்கு ஏன் இந்தக் காலேஜ் புடிக்கும்?"னா. எனக்குப் பதில் வரல. அவங்க சைட்ல இருந்து ரெண்டு வரி வாசிச்சேன், அதையே எழுதிக்கிட்டா.

சீனியர்_மாமா:
என் பையனும் போட்டான், ரிஜெக்ட், வேற எடத்துல படிச்சு முடிச்சான், அவ்ளோதான். ஆனா எல்லாரும் ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஈடில அட்மிஷன் சதவீதம் ஜாஸ்தின்னு குதிக்காதீங்க, ஸ்போர்ட்ஸ்ல முன்னாடியே பேசி முடிச்ச பசங்க, பழைய ஸ்டூடன்ட்ஸ் வீட்டுப் பசங்க எல்லாம் அதுலதான் வராங்க. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட்ல ஈடியே கெடையாது, ஏர்லி ஆக்‌ஷன்தான், கெடச்சாலும் மே 1 வரைக்கும் யோசிக்கலாம், ஆனா பொதுவா வேற தனியார் காலேஜுக்கு ஏர்லியா போட விடமாட்டாங்க. வசதியான வீட்டுப் பசங்களுக்குத்தான் லாபம்னு 2006ல ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் ஏர்லியையே எடுக்கப் போறோம்னாங்க, 2011ல திரும்பக் கொண்டு வரோம்னுட்டாங்க. யூசிக்கு, அதான் கலிஃபோர்னியா அரசு யுனிவர்சிட்டிக்கு, இந்தத் தொல்லையே இல்ல. அதனால மொதல்ல கால்குலேட்டர், அப்புறம் கோடை லீவுலயே காலேஜ நேர்ல பாருங்க, கிளாஸ் நடக்கும்போது பாத்தா இன்னும் நல்லது, அப்புறம்

எடிசன்_அப்பா:
மாமா, இதெல்லாம் நான் கேக்கவே இல்ல. டல்லாஸ், வெளிய வந்திருக்கலாம்தான். லெட்டர் பாத்த மறுநாள் காலைல எழுந்து வந்தா, கேம்பஸ் பாக்கப் போனப்ப வாங்கின ஸ்வெட்ஷர்ட்டப் போட்டுக்கிட்டு ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கிறான். அத வாங்கிக் குடுத்ததே நாந்தான்.