காஞ்சிபுரத்தில் மதியம் குடலை இட்லி எங்கே கிடைக்கும்?

வரும் சனிக்கிழமை சென்னையிலிருந்து காரில் காஞ்சிபுரம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு முழங்கால் வலி, சுடுகல்லில் வெறுங்காலோடு நடக்க முடியாது.

நடை சாத்தும் நேரம்தான் சிக்கல். ஏகாம்பரநாதர், வரதராஜர், கைலாசநாதர் எல்லாமே மதியம் மூடினால் மாலை 4 மணி வாக்கில்தான் திறப்பு. கைலாசநாதரைக் காலையிலேயே பார்த்தாக வேண்டும். சுற்றுச்சிற்றறைகளில் மிஞ்சியிருக்கும் பல்லவர் ஓவியங்கள் அந்த வெளிச்சத்தில்தான் தெளியும். அதை முடித்து வரதராஜர் கோயிலுக்குப் போவதற்குள் அங்கே பிரசாதமாகக் கிடைக்கும் குடலை இட்லி தீர்ந்துவிடும் என்கிறார்கள்.

ஓட்டல்களிலும் விசாரித்தாயிற்று. டம்ளரில் வேகவைத்து முந்திரி தூவியதுதான் கிடைக்கிறது, அது வேறு பண்டம். மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் நிதானமாக வெந்து, மிளகு, சீரகம், சுக்கு தூக்கலாக இருப்பதே வேண்டும்.

மதியம் 1 மணிக்கு மேல், பெரியவர்கள் உட்கார்ந்து சாப்பிடும்படி, அது எங்கே கிடைக்கும்?